நீர்மின்னும் மக்கள் தீர்ப்பும்

“மின்வலுத் திட்டங்களைப் பொறியியலாளரே தீர்மானிக்க வேண்டும், அரசியலுக்கு அங்கு இடமில்லை” என வகுப்பில் யாம் பன்முறை கூறியதுண்டு. ஒருநாள் மாணவனொருவன் எழுந்து, “அங்ஙனமாயின் பொறியியலாளர் விமலசுரேந்திரா ஏன் தேர்தலில் நின்றார், ஐயா?” என வினவினான். யாம் விடையின்றி நின்றோம்.

இலங்கையின் நீர்வலுவை மின்னாக்கலாமென 1918இல் அவர் கணக்கிட்டுக் காட்டினார். தொடங்கிய வேலையும் இடையில் நின்றது. 1931இல் அரசாங்க சபை புகுந்து அதற்காக வாதாடினார். லக்சபானா மின்நிலையம் 1950இலேயே இயங்கிற்று. கணக்குச் சரியாயிருந்தும் முப்பத்திரண்டு ஆண்டுகள்!

அருவியின் வலுவை அளப்பது பொறியியலாளர் பணி; அதற்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமோவெனத் தீர்ப்பது மக்கள் உரிமை. அளவு விளங்காதார் எங்ஙனம் தீர்ப்பர்? அதனை அவர்க்கு விளங்கும் தமிழிற் சொல்லுதல் எம்போன்ற ஆசிரியர் கடன். அக்கடனை அம்மாணவனே எமக்கு உணர்த்தினான்.