பாட்டியின் நிறம்

தில்லை நகரில் குறுக்குச் சாலை ஒன்றில் மாடி வீடு. பாட்டி போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. திதிக்குள் படத்தை ஃபிரேம் போட்டு மாட்டிவிட வேண்டும் என்றார் தாத்தா. “வீட்லயே பிரிண்டர் இருக்கே தாத்தா” என்றாள் பிளஸ் டூ படிக்கும் பேத்தி.

ஸ்ரீரங்கம் வெள்ளைக் கோபுரத்தின் முன்னால், அரக்குப் பட்டில் பாட்டி நிற்கும் படம்.

முதல் பிரதி சாதாரணத் தாளில் வந்தது. புடவை சாயம் போன பழுப்பாக இருந்தது. தாளின் நார் மையை உறிஞ்சிப் பரப்பிவிட்டது. அதோடு, நோட்ஸ் எடுக்க அவள் வைத்திருந்த ‘டிராஃப்ட்’ தரமும் மாற்றப்படாமலே இருந்தது.

போட்டோ பேப்பர் வாங்கி வந்தாள். இரண்டாவது பிரதியில் மை திட்டுத் திட்டாக நின்றது. தாளை மாற்றியவள், செட்டிங்கில் தாளின் வகையை மாற்ற மறந்திருந்தாள். எந்தத் தாள் என்று சொன்னால்தானே, எவ்வளவு மை விட வேண்டும் என்று பிரிண்டருக்குத் தெரியும்?

கைக்குக் கை ஃபார்வர்டாகி வந்த படம் வேறு சுருங்கியிருந்தது. நாலுக்கு ஆறு அங்குலத்தில் தெளிவாக வர 1,200-க்கு 1,800 பிக்சல் வேண்டும். படம் எடுத்த சிங்கப்பூர் அத்தையிடம் ஒரிஜினலை மெயிலில் கேட்டு வாங்கினாள்.

மூன்றாவது பிரதி பளிச்சென்று வந்தது. தாத்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

“யாரும்மா இது?”

“பாட்டிதான் தாத்தா!”

“உன் பாட்டி கறுப்பும்மா. நிறம் பத்தலைன்னு எங்கம்மா தட்டிக் கழிக்கப் பார்த்தாங்க. கட்டினா இவளைத்தான்னு நான் பிடிவாதமா நின்னேன். இப்ப மெஷினும் அவளை வெளுக்க வைக்குதா?”

பேத்திக்குச் சுருக்கென்றது. செட்டிங்கைத் தேடினாள். படத்தைத் தானாகத் திருத்தும் வசதியில் டிக் விழுந்திருந்தது. எடுத்துவிட்டாள். தரத்தை ‘ஹை’யில் வைத்தாள்.

திரையில் தெரிவது சிவப்பு, பச்சை, நீல வெளிச்சம். தாளில் விழுவது சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை. இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகிவிடாது. ஆனாலும் நான்காவது பிரதியில் அரக்கு அரக்காக வந்தது. பாட்டி பாட்டியாக வந்தாள்.

மை நன்றாகக் காயட்டும் என்று ஒரு ராத்திரி விட்டு, மறுநாள்தான் கண்ணாடி போட்டார்கள்.

“கோபுரமும் நல்லா வெள்ளையா வந்திருக்கே” என்றார் தாத்தா.

“பிரிண்டர்ல வெள்ளை மையே கிடையாது தாத்தா. அது வெறும் தாள்.”

தாத்தா சிரித்தார். “அப்ப மையெல்லாம் உன் பாட்டிக்குத்தான் செலவாயிருக்குன்னு சொல்லு.”