எங்கள் வளவுக்குள் நிற்கும் ஆறு

எங்கள் வளவின் நடுவில் ஒரு சாய்ந்த தென்னை நிற்கிறது. மேற்குப் பக்கமாக, தரைக்குக் கிட்டவே வளைந்து போய் அதன் பிறகு நிமிர்ந்த மரம். புதிதாக வீட்டுக்கு வருபவர்கள், "சூறாவளிக்குச் சாய்ஞ்சதா?" என்று கேட்பார்கள். நானும் "ஓம்" என்று சொல்லிவிடுவேன். அது உண்மையல்ல. தண்ணீரின் மேல் வெளிச்சம் தடையில்லாமல் கிடைப்பதால் கரையில் நிற்கும் தென்னை அந்தப் பக்கம் சாய்ந்துதான் வளரும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த மரத்தின் வட்டு தண்ணீருக்கு மேலே இருந்தது. குரும்பை விழுந்தால் 'தொளுக்' என்று சத்தம் கேட்கும். இன்று அதிலிருந்து தண்ணீர்க் கரைக்கு அறுபதடி நடக்க வேண்டும். மரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தண்ணீரைத் தள்ளிவிட்டவர்கள் நாங்கள்.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எனது இளைய மகளுக்கு 23 வயது. ஒரு நல்ல இடத்திலிருந்து பேசி வந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். கிழக்கில் பெண் பிள்ளைக்கு வீடும் வளவும் கொடுத்துத்தான் கட்டிக்கொடுக்க வேண்டும். மூத்தவளுக்குக் கொடுத்தது போக எங்களுக்கு மிஞ்சியிருப்பது நாங்கள் இருக்கும் வீடும் அதன் பின்னால் உள்ள கொஞ்ச நிலமும்தான். அன்றிரவு சாப்பிட்டுவிட்டு என் கணவர் மெதுவாகச் சொன்னார்:

"பின்னால ஆத்துப் பக்கம் ஒரு பத்துப் பேர்ச்சஸ் நிரப்பினா சரி. எல்லாரும் செய்றதுதானே."

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இதே சொல்லை, இதே வளவில், என் வாப்பாவின் வாயால் நான் கேட்டிருக்கிறேன்.

நாங்கள் 'ஆறு' என்று சொல்வது மட்டக்களப்பு வாவியை. புத்தகங்களில்தான் அது வாவி. கரையில் இருப்பவர்களுக்கு ஆறுதான்; ஆத்தங்கரை, ஆத்து மீன், ஆத்துக் காத்து. வடக்கே பங்குடாவெளிப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. பரப்பளவு சுமார் 140 சதுர கிலோமீற்றர். கடலுக்கும் அதற்கும் இடையில் ஒடுங்கிய மணல் நிலத்தில்தான் எங்கள் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. பெரும்போக மழைக்கு மேற்கிலிருந்து வரும் ஆறுகளும் குளத்து மேலதிக நீரும் இதற்குள் வந்து நிறையும். முகத்துவாரம் திறந்ததும் கடலுக்குப் போகும். கோடையில் மணல் மூடிக்கொள்ளும். இப்படி மாறி மாறி உப்பும் நன்னீரும் கலந்து வாழ்வதுதான் இதன் இயல்பு.

எனது மூத்தம்மா ஆற்றைப் பற்றி நிறையத் தெரிந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து முகத்துவாரம் வெட்டுப்பட்டுவிட்டதா இல்லையா என்று சொல்லுவார். பின்னேரத்தில் அத்தாங்கை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினால், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு கறிக்கு இறால் கிடைத்துவிடும். எங்கள் கரையில் கண்ணாவும் கிண்ணையும் அடர்ந்து நின்றன. தில்லை மரத்துப் பக்கம் எங்களைப் போகவிட மாட்டார். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும் என்று பயமுறுத்துவார். அந்தச் சேறும் வேரும் நிறைந்த இடத்தை உம்மாவும் வாப்பாவும் "ஒண்டுக்கும் உதவாத இடம்" என்றுதான் சொன்னார்கள். மூத்தம்மா மட்டும், "அது இறால் குஞ்சிட தொட்டில்" என்பார்.

பிற்காலத்தில் நான் படித்தறிந்ததும் மூத்தம்மா சொன்னதையேதான். நாம் உண்ணும் இறால் இனங்கள் பல கடலில் முட்டையிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவிலுள்ள குஞ்சுகள் முகத்துவாரத்தால் வாவிக்குள் வந்து, கரையோரத்து ஆழம் குறைந்த நீரில், நீர்ப்புல்லுக்கும் கண்டல் வேருக்கும் இடையில் ஒளிந்து வளர்கின்றன. வளர்ந்த பிறகு மீண்டும் கடலுக்குப் போகின்றன. பல மீன்களுக்கும் இதுதான் கதை. ஆழமான நடு ஆற்றை விட, நாம் அழுக்கென்று நினைக்கும் அந்த இரண்டு முழச் சேறுதான் மீன்களுக்கு முக்கியம். நாம் நிரப்புவதும் முதலில் அதைத்தான்.

எங்கள் வளவில் நிரப்புதல் யாரும் திட்டமிட்டுத் தொடங்கியதல்ல. 1978 நவம்பர் 23 இல் அடித்த சூறாவளியில் ஊரில் தென்னைகள் எல்லாம் முறிந்தன. முறிந்த மரமும் மட்டையும் ஓட்டுத் துண்டுகளும் ஆத்தங்கரையில் குவிந்தன. வேறெங்கே கொண்டுபோய்ப் போடுவது? அடுத்த வருடம் அதன் மேல் புல் முளைத்தது. அப்போதுதான் வாப்பாவுக்கு அந்த எண்ணம் வந்திருக்க வேண்டும்.

நாங்கள் மூன்று குமர். மூத்த ராத்தாவுக்கு உம்மாவின் வீடு. இரண்டாவது ராத்தாவுக்கு வளவில் பாதி. எனக்கு என்று ஒன்றுமில்லை. அதே காலத்தில், 1990 இல், மேற்குக் கரையிலிருந்து இடம்பெயர்ந்தவர்களும் ஊருக்குள் வந்து சேர்ந்தார்கள். நிலத்தின் விலை கேட்க முடியாத அளவுக்குப் போனது. வாப்பா சொன்னார்: "ஆத்துப் பக்கம் ஒரு பத்துப் பேர்ச்சஸ் நிரப்பினா மூண்டாவது புள்ளையும் கரைசேர்ந்திடும்."

முதலில் கண்ணா மரங்களை வெட்டினார்கள். அது அடுப்புக்கு ஆனது. பிறகு தேங்காய் உரிமட்டை. பிறகு வீட்டுக் குப்பை. ஒவ்வொரு நாளும் காலையில் கூட்டிப் பெருக்கியதைக் கூடையில் எடுத்துக்கொண்டு போய்க் கொட்டியது நான்தான். எனக்கு அதில் வெறுப்பு இருக்கவில்லை. மாறாக ஒவ்வொரு கூடைக்கும் எனது வளவு ஒரு சாண் வளர்கிறது என்று சந்தோசமாக இருந்தது. அதன் மேல் உடைந்த கட்டடக் கல்; கடைசியில் மெசினில் கிறவல் ஏற்றி வந்து போட்டு மட்டம் பண்ணினார்கள். 1994 இல் அந்த நிலத்தில் கட்டிய வீட்டில்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. இன்றும் அதே வீட்டில்தான் இருந்து இதை எழுதுகிறேன். ஆகவே, இது யாருக்கோ புத்தி சொல்லும் கட்டுரை அல்ல.

கல்யாணம் முடிந்து சில வருடங்கள் கணவரின் தொழிலுக்காகக் கொழும்பில் கொம்பனித்தெருவில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்தில் பேரே வாவி. போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டைப் பாதுகாப்புக்காக உண்டான நீர்நிலை என்றும், ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை அதன் நடுவிலுள்ள நிலத்தில் அடைத்து வைத்தார்கள், அதனால்தான் ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு அடிமைத் தீவு என்று பெயர் வந்தது என்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் துறைமுகத்துக்குச் சரக்குப் படகுகள் ஓடிய வாவி அது. நான் பார்த்தபோது அது இலைக்கஞ்சி போலப் பச்சையாகக் கிடந்தது. வெயில் ஏறினால் ஜன்னலைத் திறக்க முடியாது. சுமார் 165 ஹெக்டயராக இருந்த வாவி நிரப்பி நிரப்பி சுமார் 65 ஹெக்டயராகச் சுருங்கிவிட்டது என்று பத்திரிகையில் வாசித்தேன். அன்றுதான் முதன் முதலாக எனக்கு எங்கள் வளவின் நினைவு வந்து நெஞ்சில் குத்தியது. பாதிக்கு மேற்பட்ட வாவியை ஒரே நாளில் யாரும் விழுங்கவில்லை. பத்துப் பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸாகத்தான் போயிருக்கும்.

தண்ணீர் பச்சையாவது எப்படி என்பதையும் அங்கேதான் விளங்கிக்கொண்டேன். மலசல கூடத்துக் கழிவும் சவர்க்கார நீரும் வயலுக்குப் போடும் உரமும் தண்ணீருக்கும் உரம்தான். அதைத் தின்று பாசி பெருகுகிறது. பகலில் பாசி பிராணவாயுவைக் கொடுக்கும். இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். செத்து அழுகும்போது இன்னும் எடுக்கும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து தவிப்பது அதனால்தான். எங்கள் ஆற்றிலும் கழிவு சேரும் மூலைகளில் அந்தப் பச்சையை இப்போது காண்கிறேன். மழைக்காலத்தில் மேலிருந்து ஆற்றுவாழை மிதந்து வந்து கரையை அடைக்கிறது. உப்புத் தண்ணீர் பட்டால் அது கருகிப்போகும். ஆனால் கருகியதும் அடியில்தான் படிகிறது.

2011 ஜனவரியை நான் மறக்க முடியாது. கிழக்கு மாகாணம் முழுவதும் வெள்ளம். மழை விடாமல் பெய்தது. எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது, மூன்று நாளில் வற்றிவிட்டது. நிரப்பிய நிலம் உயரம் அல்லவா? ஆனால் தெருப் பக்கத்தில் ஒரு மாமி இருந்தார். தனிக்கட்டை. தையல் மெசினை நம்பிப் பிழைத்தவர். அவருடைய களிமண் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இரண்டாம் நாள் இரவு பின் சுவர் சரிந்தது. ஆள் தப்பினார். மெசின் போனது.

தண்ணீர் வடிந்த பிறகு அந்த வீட்டைப் பார்க்கப் போனேன். மாமி வாசலில் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார்: "முன்னெல்லாம் இந்தத் தெருத் தண்ணி உங்கட வளவுக்குள்ளால வடிஞ்சு ஆத்துக்குப் போகும் மகள். உங்கட மூத்தம்மா கான் வெட்டி வச்சிருந்தா."

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தக் கான் எனக்கு நன்றாக நினைவிருந்தது. சின்ன வயதில் அதில் கடதாசித் தோணி விட்டிருக்கிறேன். அதை மூடியதும் எங்கள் குப்பைக் கூடைகள்தான். நிலம் கிடைத்தது எனக்கு. தண்ணீர் போனது மாமியின் வீட்டுக்குள். அவர் அதற்குப் பிறகு தன் சகோதரியின் பிள்ளைகளோடு போய் இருந்து, இரண்டு வருடத்தில் மௌத்தானார். நாங்கள் அவருக்குப் பழைய மெசினொன்று வாங்கிக் கொடுத்தோம். அதனால் கணக்குத் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.

இந்தக் கதையைத்தான் அன்றிரவு கணவரிடம் மீண்டும் சொன்னேன். அவர் கெட்ட மனிதரல்ல. மகளைப் பற்றிய கவலை அவருக்கு. "இவ்வளவு பெரிய ஆத்துல நம்மட பத்துப் பேர்ச்சஸ் என்னத்துக்குக் காணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொன்னது மகள். உயர்தரத்தில் கணிதம் படித்தவள். ஒரு கொப்பித் தாளில் போட்டுக் காட்டினாள்.

"ஒரு பேர்ச்சஸ் 25 சதுர மீற்றருக்குக் கொஞ்சம் கூட, வாப்பா. பத்துப் பேர்ச்சஸை மூன்றடி உயர்த்தினால் 230 கன மீற்றர். அதாவது 2 இலட்சத்து 30 ஆயிரம் லீற்றர் தண்ணி நிற்கிற இடம். 5,000 லீற்றர் பவுசர் எண்டால் 46 பவுசர். நம்மட ஒரு வளவுக்கு மட்டும். இந்தக் கரையில எத்தனை வளவு இருக்கு?"

அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அப்ப உனக்கு வீடு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குக் கொப்பியில் விடை இருக்கவில்லை.

சகோதரிகளே, இங்கேதான் விசயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. வாவிக் கரையை அனுமதியில்லாமல் நிரப்பக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நாட்டிலுள்ள கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டத்தை அரசாங்கம் 2015 இல் அறிவித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து கண்டல் கன்று நட்டுவிட்டுப் போகிறார்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு குமருக்கு வளவும் வீடும் இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை என்ற நிலை இருக்கும்வரை, இரவில் ஒரு மெசின் கிறவல் ஆத்தங்கரைக்கு வரத்தான் செய்யும். வாவியைச் சுருக்கியதில் வெளியாட்களுக்கு மட்டுமல்ல, எங்கள் சீதன வழக்கத்துக்கும் பங்குண்டு. பெண் பிள்ளை தெருவில் நிற்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த வழக்கம் அது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அதனால் வாழ்ந்தவள் நான். ஆனால் தனி வளவும் தனி மதிலும் கட்டாயமா என்று கேட்பதில் தவறில்லை.

நாங்கள் எடுத்த முடிவு இதுதான். இருக்கும் வீட்டின் மேல் ஒரு தட்டு எழுப்பி அதை மகளுக்கு எழுதுவது. நிரப்பிய நிலம் தாங்குமா என்று மேசன் பாஸைக் கூட்டி வந்து காட்டினோம். அவர் மூலையில் தோண்டிப் பார்த்தார். நான்கடி ஆழத்தில் உரிமட்டை வந்தது, கறுத்து, இன்னும் உக்காமல். "முழு வீட்டுக்கும் தாங்காது. முன் பக்கம் பழைய தரை, அங்க தூண் போடலாம்" என்றார். பழைய தரை என்றால் மூத்தம்மாவின் தரை. செலவு கூடும், ஒரு வருடம் பொறுக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஆள் அனுப்பி விசயத்தை ஒளிக்காமல் சொன்னோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மகள், "அவங்கட விருப்பம் உம்மா" என்கிறாள். வாயால் அப்படிச் சொன்னாலும் கைத்தொலைபேசி அடிக்கும்போது அவள் முகம் திரும்புவதை நான் பார்க்காமலில்லை. எனக்கும் அந்தப் பதற்றம் இருக்கிறது.

இதற்கிடையில் நானும் மகளும் ஒரு வேலை செய்தோம். தெருவிலிருந்து ஆற்றுக்குப் போகும் அந்தப் பழைய கானை மீண்டும் வெட்டினோம். கணவரும் ஒரு நாள் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். தோண்டத் தோண்ட உடைந்த சிரட்டை, பொலித்தீன், செருப்பு என்று நான் கொட்டியவைதான் வந்தன. இந்த மாரிக்குத் தெருத் தண்ணீர் அதற்குள்ளால் போனது. மாமி இருந்த வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. அவர்களுக்கு இதன் கதை தெரியாது.

கரையில் குப்பை கொட்டுவதை நிறுத்திப் பல வருடமாகிறது. எங்கள் எல்லை முடியும் இடத்தில் யாரும் நடாமலே இரண்டு கிண்ணைக் கன்றுகள் முளைத்திருக்கின்றன. வெட்ட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பக்கத்திலும் ஒரு குளமோ வாவியோ தோணாவோ இருக்கலாம். அதன் ஓரத்தில் கொட்டுவதற்காகக் குப்பைக் கூடையைக் கையில் எடுக்கும்போது ஒன்றை மட்டும் யோசியுங்கள்: நான் இந்த இடத்தை மூடினால், இங்கே நின்ற தண்ணீர் யாருடைய வீட்டுக்குள் போகும்? இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் 1990 இல் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.