பாடாங் ஓரத்து வெள்ளிக்கிழமைகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிங்கப்பூர் கேப்பிட்டல் தியேட்டர் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, பாடாங் திடலின் ஓரமாகவே நடந்து விக்டோரியா கான்சர்ட் ஹாலுக்குப் போனவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். நவம்பர், டிசம்பர் என்றால் மழை விட்ட புல்வாசனை கூடவே வரும். கிரிக்கெட் கிளப்பைத் தாண்டியதும் ஆற்றுவாடை குப்பென்று அடிக்கும். யாரும் மூக்கைப் பிடித்ததில்லை. ஆறு என்றாலே அப்படித்தான் என்று நினைத்திருந்தோம்.

தியேட்டர் வாசலில் கச்சாங் பூத்தே விற்கிற அண்ணாச்சி நிற்பாரே, ஞாபகமிருக்கிறதா? தலையில் சுமந்துவந்த மரத்தட்டு, அதில் வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு. பழைய பரீட்சைத் தாளைச் சுருட்டிப் பொட்டலம் போடுவார். பேச்சு அசல் திருநெல்வேலிச் சீமை. "படத்துக்கா?" என்பார். கான்சர்ட்டுக்கு என்றால் ஒரு கை பட்டாணி கூடுதலாக விழும். படம் காட்டாத இடத்துக்குப் போகிறானே பாவம் என்ற இரக்கம். உள்ளே காகிதம் சரசரத்தால் முறைப்பார்கள். அதனால் ராஃபிள்ஸ் சிலையடியிலேயே தின்று முடித்து, கைக்குட்டையில் உப்பைத் துடைத்துக்கொண்டுதான் படியேறுவோம்.

அழைத்துப்போனது மாமா. துறைமுகத்தில் எழுத்தர் வேலை. கான்சர்ட் நாளில் முழுக்கைச் சட்டை, கழுத்தில் குட்டிகூரா பவுடர். ஊருக்கு ஒரு ஆர்க்கெஸ்ட்ரா இல்லாதது சின்ன அவமானம்தான் என்று அமைச்சர் கோ கெங் சுவீ 1973-இல் சொன்னதை, தானே சொன்னது போலப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். 1979 ஜனவரி 24 அன்று கான்பரன்ஸ் ஹாலில் 41 பேரோடு சூ ஹோய் நடத்திய சிங்கப்பூர் சிம்பொனியின் முதல் கச்சேரியிலிருந்து அவருக்கு அந்தப் பித்து. மறு வருஷம் சிம்பொனி மணிக்கூண்டுள்ள விக்டோரியா கான்சர்ட் ஹாலுக்குக் குடிவந்ததும் எங்களுக்கு மாடியில் மலிவு டிக்கெட் வாடிக்கையானது.

இந்த வெக்கையில் கோட்டு போட வேறு சந்தர்ப்பம் ஏது? அலமாரியிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்திருப்பார்கள். மாடி முழுக்க அந்துருண்டை வாசனை. ஓபோக்காரர் ஒற்றை ஸ்வரத்தைப் பிடித்து நீட்டுவார். வயலின்கள் ஒவ்வொன்றாக வந்து அதில் சேரும். இருமல்கள் அடங்கும். டேங்க் ரோடு கோவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த மாமாவின் விரல்கள் தொடையில் தாமாகத் தாளம் போட ஆரம்பிக்கும். எங்கோ கணக்குத் தப்பும், தனக்குள் சிரித்துக்கொள்வார். ஒரு பகுதி முடிந்ததும் நான் கைதட்டப் போனால் மணிக்கட்டைப் பிடித்துவிடுவார். "இன்னும் முடியலடா, சும்மா இரு."

இடைவேளையில் வெளியே வந்தால் கொஞ்சம் தள்ளி ஆறு. முகப்பில் கண் வரைந்த தொங்கான் படகுகள் கரையோரம் நெருக்கியடித்துக் கிடக்கும். எம்பிரஸ் பிளேஸ் அங்காடிக் கடைகளில் சட்டிகள் மோதும் சத்தம் வரும். 1983-இல் தொங்கான்களைப் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பினார்கள். ஆறு சுத்தமானது, நல்லதுதான், யார் மறுத்தார்கள்? வாடையோடு ஊர்ப் பேச்சும் சத்தமும் போய்விட்டன.

கச்சேரி விட்டதும் நேரே சாத்தே கிளப். குட்டை ஸ்டூல், கரிப்புகை, விசிறியால் நெருப்பை விசிறும் மலாய்க்காரர். குச்சியில் சுட்ட இறைச்சியைக் கடலைக் குழம்பில் தோய்த்து, வெள்ளரியும் வெங்காயமும் கடித்துக்கொண்டு, மாமா அன்றைய கச்சேரியை அலசுவார். வெறுங்குச்சியால் மேஜையில் தட்டி, தப்பிப்போன தாளத்தை மறுபடி தேடுவார். கடைசியில் குச்சிகளை எண்ணித்தான் காசு வாங்குவார்கள். சட்டையில் ஏறிய புகைவாசனையோடு கடைசி பஸ்.

சாத்தே கிளப்பை 1995-இல் மூடினார்கள். மாமா அதற்கு முன்பே போய்விட்டார். அண்ணாச்சி எப்போது வராமல் போனார் என்பதை யாருமே கவனிக்கவில்லை. புகை எழும்பிய அந்த இடத்தில்தான் 2002 அக்டோபரில் எஸ்பிளனேட் கலையரங்கம் திறந்தது. முள்முள்ளாக இருப்பதால் டுரியான் என்கிறோமே, அதுதான். ஆர்க்கெஸ்ட்ராவும் அங்கே போயிற்று. பழைய ஹாலை 2010-இல் மூடி 2014-இல் திறந்தபோது இருக்கைகள் 673 ஆகச் சுருங்கியிருந்தன. மாடியின் முன்பகுதியை எடுத்துவிட்டார்கள். எங்கள் இடமும் அதோடு போயிற்று.

எஸ்பிளனேடில் இசை நன்றாகவே கேட்கிறது. பழைய ஹாலைவிடத் துல்லியம் என்றுகூடச் சொல்வேன். முடிந்ததும் எஸ்கலேட்டர் இறக்கிவிடுகிறது, எம்ஆர்டி வருகிறது, பத்து நிமிஷத்தில் கூட்டம் கலைந்துவிடுகிறது. கேட்டதைப் பேசித் தீர்க்க எங்கே உட்காருவது என்றுதான் தெரியவில்லை.