லேப்டாப்புக்கு கொஞ்சம் கரன்ட் குடுங்க பாஸ்!

'கரன்ட் எப்போ வரும்?' 2023 டிசம்பர், மிக்ஜாம் புயலப்போ சென்னையில திரும்பின பக்கமெல்லாம் இதே கேள்விதான். மந்தைவெளியில எங்க வீட்டுலயும் இருட்டு. வேளச்சேரியில தண்ணி நடுவுல தனியா மாட்டிக்கிட்ட பாட்டிகிட்ட பேச, செல்போன் உயிரோட இருக்கணும். லேப்டாப்தான் அதுக்கு 'குளுக்கோஸ்' ஏத்திச்சு. சரி, லேப்டாப்புக்கு யார் ஏத்துறது?

மாடி வீட்டு மாமா கார் சாவியோடு வந்தார். சிகரெட் லைட்டர் பாயின்ட்டில் செருகும் குட்டி இன்வெர்ட்டர்! பேட்டரியின் 12 வோல்ட்டை அது 230 வோல்ட் ஏ.சி.யாக மாற்ற, லேப்டாப் சார்ஜர் அதைத் திரும்ப 19 வோல்ட் டி.சி. ஆக்கும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுற வேலை. வழியெல்லாம் கரன்ட் சூடாகி வீண். ஆனா, ''நான் நல்லா இருக்கேன்டா, நீங்க சாப்டீங்களா?''னு பாட்டி குரல் கேட்டுச்சே!

வேற என்ன வழி இருக்குன்னு லேப்டாப் பையோடு கிளம்பிட்டேன்.

மயிலாப்பூர் அறுபத்து மூவர் உலாவில், சாமிக்குப் பின்னாடி உருண்டு வருமே ஜெனரேட்டர்... அது போதுமா? தாராளமா! ஆனா, 65 வாட் லேப்டாப்புக்காக அதை ஓட்டுறது, ஒரு டம்ளர் காபிக்கு கல்யாண அடுப்பைப் பத்த வைக்கிற கதை.

தி.நகரில் 12 வோல்ட் பேட்டரியில் எல்.இ.டி. பல்பு எரிய விட்டிருந்த பிளாட்பாரக் கடை அண்ணனைக் கேட்டேன். ''பல்பு ராத்திரி வரைக்கும் தாங்கும். உன் பொட்டியை மாட்டினா எனக்கு யாவாரம் படுத்துடும் தம்பி!'' கணக்கு சரிதான். 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 84 வாட்-ஹவர். என் லேப்டாப்பே 50 குடிக்கும்.

கடைசி ஸ்டாப், அடையாறு பக்கம் ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு இங்கேதான், சோலார் மின்சாரத்தை ஏ.சி.யாக மாற்றாமல் 48 வோல்ட் டி.சி.யாகவே வீட்டுக்குள் கொண்டு போகும் முறையை உருவாக்கியது. ராஜஸ்தான் பாலைவன வீடுகளில் அதில் விளக்கும் ஃபேனும் ஓடின. மூக்கை நேரா தொடுற டெக்னிக்!

இப்ப யு.எஸ்.பி-சி லேப்டாப்புக்கும் அதே வசதி. கார் பாயின்ட்டில் அதற்கான சார்ஜரைச் செருகினால் போதும், இன்வெர்ட்டரே வேண்டாம். ஒரே கண்டிஷன்: மூடின ஷெட்டுக்குள்ள கார் இன்ஜினை ஓட விடாதீங்க, புகை ஆளையே கொன்னுடும்.

பாட்டிக்கு ஒரு பவர் பேங்க் வாங்கிக் குடுத்தேன். சாமி அலமாரியில, விளக்கெண்ணெய் பாட்டில் பக்கத்துல வெச்சிருக்காங்க. மேகம் கறுத்தா முதல்ல அதைத்தான் சார்ஜ்ல போடுறாங்க!