தாள்கீறல்

தாளின் விளிம்பு விரலைக் கீறினால் குருதி பெருகுவதில்லை. எரிச்சலோ நாள்முழுதும் நீடிக்கும். உபுண்டு இயங்குதளத்தார் 2009இல் தொடங்கிய திட்டமொன்றிற்கு ‘நூறு தாள்கீறல்கள்’ என்றே பெயர். பெரும்பிழைகளை விடுத்து, எளிதில் திருத்தத்தக்க சிற்றிடர்களைப் பயனர் சுட்டலாம் என்பது அதன் நெறி. அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த 9.10 பதிப்பிற்குள் நூறு கீறல்களை ஆற்றுவதே இலக்கு.

எல்லாக் குரலுக்கும் செவி கிட்டியதென்று கொள்ளவேண்டா. 2010இல் வந்த 10.04 பதிப்பில், சாளரத்தை மூடும் பொத்தான்கள் வலப்புறத்திலிருந்து இடப்புறம் பெயர்ந்தன. பயனர் பலர் மறுத்துரைத்தும் பயனில்லை. 2017 அக்டோபரில் வந்த 17.10 பதிப்பில்தான் அவை மீண்டும் வலப்புறம் சேர்ந்தன.

ஏழாண்டுக் காத்திருப்பா என்று வியந்த நமக்கு, நம் அலமாரி நினைவில் எழுந்தது. பருவந்தோறும் மாணவர் தரும் கருத்துப்படிவங்களைப் பதினைந்தாண்டுகளாக வாங்கிக் கட்டி அங்கே அடுக்கியுள்ளோம், படித்ததில்லை. சென்ற வாரம் பழைய கட்டொன்றைப் பிரித்தோம். “கடைசி வகுப்பை ஐந்து நிமிடம் முன்னதாக முடித்தால் எங்கள் ஊர்ப் பேருந்தைப் பிடித்துவிடலாம் ஐயா” என்றது ஒரு கையெழுத்து. அவ்வாண்டு படிப்பைப் பாதியில் நிறுத்திய மாணவி ஒருவரின் முகம் கண்முன் வந்தது. எழுதியவர் அவர்தாமா? படிவத்தில் பெயரில்லை.

வருகைப்பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே நாம் இட்ட கோடு மட்டும் இருக்கிறது. இப்பருவத்துப் படிவங்களை வாங்கிய அன்றே படித்தோம்.