காய்ச்சல் தணிந்த பின்னும்

பேரக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொள்ளும் பாட்டி, உடற்சூடு தணிந்ததும் கவலை நீங்குகிறாள். டெங்குவிலோ அவ்வேளைதான் மிகுந்த விழிப்புக்குரியது.

வைரஸ் காய்ச்சல்கள் பெரும்பாலும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டை உணர்த்தத் துணைபுரிவது சாதாரண இரத்தப் பரிசோதனையே. டெங்குவில் முதலில் வெள்ளணுக்கள் குறையும். 1,50,000-க்குமேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்கும் கீழே இறங்கலாம். இரத்தத்தின் செறிவைக் காட்டும் ஹீமட்டோகிரிட், முன்னிருந்த அளவைவிட 20 விழுக்காடு உயர்ந்தால், இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். நோயின் 3 முதல் 7ஆம் நாளுக்குள், சூடு தணியும் வேளையிலேயே இது நேர்கிறது.

ஆகவே மருத்துவர் மறுநாளும் இரத்தம் எடுக்கச் சொன்னால், “பிஞ்சுக் கையில் எத்தனை ஊசி?” என்று மூத்தோர் தடுத்தல் ஆகாது. முதல் நாள் எண்ணோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் புலப்படும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மிகுந்த சோர்வு இவற்றுள் ஒன்று தோன்றினும் குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.