ஒடியாத முதுகு

என் மகன் வேகப் பந்து வீசுகிறவன். அவன் ஓடி வந்து பந்தை விடுகிற அழகைப் பார்ப்பதற்கென்றே மைதானத்து வேப்ப மரத்தடியில் எத்தனையோ சனிக்கிழமைகளைக் கழித்திருக்கிறேன். பெற்றவனுடைய கர்வம்! போன வருஷம், அவனுடைய பதினாறாவது வயதில், "இடுப்புக்கு மேலே வலிக்கிறது அப்பா" என்றான். "இந்த வயதில் என்னடா வலி? தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படு" என்றேன். மூன்று மாதம் கழித்து, முதுகெலும்பில் கீறல் என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மனசு உறுத்தியதால் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். அப்போதுதான் புரூஸ் எலியட் என்ற பெயர் கண்ணில் பட்டது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக் கழகத்தில் வெகுகாலம் பேராசிரியராக இருந்தவர். ஆட்டக்காரர்களின் உடல் அசைவை அளந்து ஆராயும் பயோமெக்கானிக்ஸ் அவருடைய சாஸ்திரம்.

அந்தப் பெர்த் நகரத்துக்காரர்தான் டென்னிஸ் லில்லி. 1973-ல் மேற்கிந்தியத் தீவுகளில் ஆடப் போன இடத்தில் அவருக்கு முதுகெலும்பு கீறிற்று. மாவுக்கட்டோடு வாரக்கணக்கில் கிடந்தார். பிறகு அதே பல்கலைக் கழகத்து பிராங்க் பைக் என்ற நிபுணரின் துணையோடு தேறி, 1974-75-ல் இங்கிலாந்து அணியைத் திணற அடித்தார். சென்னையில் 1987-ல் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பயிற்சிக் கூடத்தில் நம் பிள்ளைகளுக்குப் பந்து வீசக் கற்றுக்கொடுத்தவரும் அவரே.

ஒடிந்து எழுந்தவரை உலகம் கொண்டாடிற்று. ஒடியாமலே காப்பாற்ற வழி உண்டா என்று பார்த்தவர்கள் எலியட்டும் அவருடைய சகாக்களும். 82 இளம் பந்து வீச்சாளர்களைப் படம் பிடித்து, பலத்தை அளந்து, ஒரு பருவம் முழுவதும் கவனித்தார்கள். 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். அந்த ஒரே பருவத்தில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு எலும்பில் கீறல்! பின்னங்கால் ஊன்றி முன்னங்கால் ஊன்றுவதற்குள் தோள் 40 டிகிரிக்கு மேல் திரும்பினால் ஆபத்து அதிகம். ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி முதுகு முறுக்கிக்கொள்கிறது. அதோடு ஓய்வில்லாமல் ஓவர் மேல் ஓவராக வீசினாலும் ஆபத்துத்தான். இன்று ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் சிறுவர்கள் இத்தனை ஓவர்தான் வீசலாம் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள்.

கதை எழுதுகிறவனுக்கு எதாவது உடைந்தால்தான் பிழைப்பு. இவருடைய உத்தியோகமோ கதை நடக்காமல் பார்த்துக்கொள்வது. ஒடியாத முதுகுக்கு யார் கை தட்டுகிறார்கள்? தான் தப்பினோம் என்பது தப்பிய பையனுக்கே தெரியாதே!

மாதக்கணக்கில் ஓய்வெடுத்துவிட்டு மகன் மறுபடியும் ஆட வந்திருக்கிறான். நானும் பழைய வேப்ப மரத்தடிக்கு வந்துவிட்டேன். இப்போது மடியில் புளியங்கொட்டைகள். ஓவருக்கு ஒன்றாக எடுத்துச் சட்டைப் பையில் போடுகிறேன். டாக்டர் சொன்ன கணக்கு முடிந்ததும், "போதுமடா" என்று குரல் கொடுக்கிறேன்.

"இப்போதுதான் அப்பா கை சூடாகியிருக்கிறது! இன்னும் ஒரே ஒரு ஓவர்..."

"போதும் என்றால் போதும்."

கோபமாகப் பார்க்கிறான். பார்க்கட்டும்.